எஸ்பிரெசோவுக்குக் கறுக்க வறுத்த கோப்பிதான் வேணுமோ?

நல்லூர்ப்பெடியன்:
வீட்டிலை சின்ன எஸ்பிரெசோ மெசின் (தூளுக்குள்ளாலை சுடுதண்ணியை அமத்திக் கடுங்கோப்பி இறக்கிறது) வாங்கி ரெண்டு மாதம். நாங்கள் பால் விட்டுத்தான் குடிக்கிறம். டார்க் ரோஸ்ற் கொட்டை ரெண்டு வகை வைச்சிருக்கிறன். ஒண்டு கரிக்கட்டி மாதிரிக் கறுப்பு, எண்ணெய் மினுங்குது, 30 வீதம் ரொபஸ்ரா (கசப்புக் கூடின கோப்பி இனம்) கலந்தது. மற்றது முழுக்க அரபிகா (மெதுவான சுவையுள்ள மற்ற இனம்), கடும் மண்ணிறம், எண்ணெய் இல்லை. கறுப்பிலை போட்டா கசப்பு அரை மணித்தியாலம் நாக்கை விட்டுப் போகுதில்லை. 18 கிராம் தூள் போட்டு, கப்பிலை 36 கிராம் கோப்பி இறக்கிறன், 30 செக்கன், தண்ணி 94 பாகை. அடுத்த முறை எதை வாங்க?

கோண்டாவிலான்:
தம்பி, ரொபஸ்ரா கலந்ததை விட்டிடாதையும். பால் விட்ட பிறகும் கோப்பி எண்டு தெரியோணுமெல்லோ. ரொபஸ்ராவிலை கஃபீன் அரபிகாவைவிடக் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு, மேல் நுரையும் தடிப்பா நிக்கும். இத்தாலியின்ர தெற்குப் பக்கம் கறுக்க வறுத்து, ரொபஸ்ராவும் தாராளமாச் சேர்த்துத்தான் குடிக்கிறாங்கள். எங்கட அம்மாவும் தாச்சியிலை கொட்டை நல்லாக் கறுக்கும்வரைக்கும் வறுத்து, மல்லியும் வேர்க்கொம்பும் போட்டு உரலிலை இடிப்பா. ஒழுங்கை முகப்பிலேயே மணக்கும். அந்தக் கோப்பியைப் பனங்கட்டி கடிச்சுக் குடிச்சு வளந்த நாக்கு இது. இளசா வறுத்ததெல்லாம் எனக்குப் புளிச்ச தண்ணி.

சுன்னாகத்து அக்கா:
கோண்டாவில் அண்ணை, அம்மா வறுத்தது அந்தக் கிழமைக்கு. கடைப் பையிலை வாறது எப்ப வறுத்ததோ ஆருக்குத் தெரியும்? வறுக்கேக்கை கொட்டை ரெண்டு முறை வெடிக்கும், ரெண்டாம் முறை வெடிக்கிறது 225 பாகை அளவிலை. அதைத் தாண்டி வறுத்தா உள்ளுக்கிருக்கிற எண்ணெய் வெளியிலை வந்திடும். காத்துப் பட்டா அது பழுதாகும், எங்கட வெக்கைக்கு இன்னும் கெதியா. போன மாதம் என்ர கிறைண்டரைக் கழட்டினன். அரைக்கிற ரெண்டு வளையத்துக்கும் நடுவிலை தூள் களி மாதிரி அப்பிக் கிடந்தது. பல்லுக்குத்தியாலை சுரண்டி எடுத்து மணந்து பாத்தா, ரெண்டு தரம் பொரிச்ச எண்ணெய் மணம். அது முழுக்க என்ர கோப்பிக்குள்ளதானே போயிருக்கு. அதோடை அவ்வளவு கறுக்கினா எந்த மலையிலை விளைஞ்சதெண்ட வித்தியாசமே செத்துப்போகும். மலிவு ரொபஸ்ராவின்ர ரப்பர் மணத்தை மறைக்கத்தான் அந்தக் கரி. தம்பி, மண்ணிறக் கொட்டையை எடும்.

கோண்டாவிலான்:
பழசுக்கும் கறுப்புக்கும் முடிச்சுப் போடாதேங்கோ பிள்ளை. வறுத்த திகதி போட்ட பையை வாங்கி, ஒரு கிழமை ஆறவிட்டு, ஒரு மாதத்துக்குள்ள முடிச்சா ஒரு குறையும் வராது. ரொபஸ்ராவையும் கேவலமாப் பேசாதேங்கோ. 1869இலை இலைத்துரு நோய் வந்துதானே இலங்கையின்ர கோப்பித் தோட்டங்கள் அழிஞ்சு தேயிலை வந்தது. அழிஞ்சது அரபிகா. அந்த நோய்க்கு நிண்டு பிடிக்கிற இனம் ரொபஸ்ரா.
தம்பி, பிழை கொட்டையிலை இல்லை. கறுக்க வறுத்தது தண்ணியிலை கெதியாக் கரையும். 94 பாகையிலை 36 கிராம் வரைக்கும் இழுத்தா கசக்காமல் என்ன செய்யும்? தண்ணியை 89க்கு இறக்கும், தூளைக் கொஞ்சம் பருமனா அரையும், 28 கிராமோடை நிப்பாட்டும். கரண்டிக் கணக்கும் வேண்டாம். கூட வறுத்த கொட்டை பாரம் குறைவு, தராசிலைதான் நிறுக்கோணும்.

அராலிக் கிணத்தடி:
ரெண்டு பேரும் தண்ணியை மறந்திட்டியள். எங்கட யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குக் கீழை சுண்ணாம்புக்கல்லு. கேத்தில் அடியிலை வெள்ளைப் படை பிடிக்கிறதைப் பாத்திருப்பியள்தானே? அந்தக் கடுந்தண்ணி கோப்பியின்ர புளிப்பை அமத்திப்போடும். அக்கா சொல்லுற மலைக் கோப்பியும் அதிலை சப்பெண்டுதான் இருக்கும். அண்ணையின்ர கறுப்பிலை புளிப்பு முதலே இல்லை, கசப்புத்தான் மிஞ்சும். மெசினுக்குள்ளயும் அதே படை இறுகும். நான் நாலிலை மூண்டு பங்கு ஆர்.ஓ. தண்ணியும் (மெசினிலை உப்புகளை வடிச்செடுத்த தண்ணி) ஒரு பங்கு வடிச்ச கிணத்துத் தண்ணியும் கலக்கிறன். தனி ஆர்.ஓ. தண்ணியிலை போட்டா கோப்பி உயிரில்லாமல் கிடக்கு.

நல்லூர்ப்பெடியன்:
இவ்வளவு நாளும் நேரா கிணத்துத் தண்ணிதான். இண்டைக்கு அராலி அண்ணையின்ர கலவையிலை, 89 பாகை, 18க்கு 28 போட்டுப் பாத்தன். கறுப்புக் கொட்டையிலை அந்த நிண்டு கசக்கிற கசப்பு போயிட்டு. பால் விட்டா கச்சான் வறுத்த மாதிரி ஒரு வாசம். அம்மா ரெண்டாம் கப் கேட்டவ.

சுன்னாகத்து அக்கா:
சந்தோசம் தம்பி. எண்டாலும் நான் விடமாட்டன். மண்ணிறக் கொட்டையை அதே தண்ணியிலை, 92 பாகையிலை, பால் விடாமல் ஒருக்காப் போட்டுக் குடியும். கறுப்பிலை அந்தப் பழத்துப் புளிப்பு எங்கை எண்டு பிறகு அண்ணையிட்டைக் கேளும். கிறைண்டரையும் இந்தக் கிழமையே கழட்டிப் பாரும்.

கோண்டாவிலான்:
கிறைண்டர் கழுவுறதிலை பிள்ளையோடை எனக்கு வழக்கில்லை. பழத்துப் புளிப்பு வேணுமெண்டா நான் தோடம்பழம் உரிப்பன். தம்பி, அடுத்த பையும் ரொபஸ்ரா கலந்ததே எடும், திகதி பாத்து.

நல்லூர்ப்பெடியன்:
ரெண்டிலையும் கால் கிலோப்படி எடுக்கிறன். விடியக் கறுப்பு பாலோடை, பின்னேரம் மண்ணிறம் வெறுமனே. ரெண்டு கிழமையாலை வந்து சொல்லுறன்.