மருத்துவர் துணையுடன் உயிர்துறக்கச் சட்டம் அனுமதிப்பதை ஏன் எதிர்க்கிறார்கள்?

கேள்வி (மஞ்சக்குப்பம், கடலூர்):
புற்றுநோயில் படுத்திருந்த என் பெரியப்பா கடைசி இரண்டு மாதங்கள் “என்னை அனுப்பி வையுங்கள்” என்றே சொல்லிக்கொண்டிருந்தார். சுவிட்சர்லாந்திலும் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்திலும் நடப்பில் உள்ள ஒன்றை இங்கே பேச்செடுத்தாலே முகம் சுளிக்கிறார்கள். உயிர் கடவுள் தந்தது என்று நம்பாதவர்களும் எதிர்க்கிறார்களே, அவர்கள் சொல்லும் காரணம்தான் என்ன?

பதில் 1 (முத்தியால்பேட்டை, புதுச்சேரி, ஓய்வுபெற்ற செவிலியர்):
முதலில் ஒன்று கேட்கிறேன்: பெரியப்பாவுக்குக் கடும் வலியைத் தணிக்கும் மார்ஃபின் மருந்து கொடுத்தார்களா? வீடுவீடாகச் சென்று நோயாளிகளைப் பார்த்த காலத்தில், மருமகள் அருகில் நிற்கும்போதெல்லாம் “சாவு வரமாட்டேன் என்கிறதே” என்று புலம்பிய ஒரு பாட்டி, அவர் அடுப்படிக்குப் போனதும் என் கையைப் பிடித்து, “சங்கரா மீன் குழம்பு ஒரு வாய் சாப்பிடலாமா?” என்று மெதுவாகக் கேட்டார். அவர் சாக விரும்பினாரா, பாரமாக இருக்க விரும்பவில்லையா என்பதை எந்தப் படிவமும் பிரித்துச் சொல்லாது. ஓரிகனின் ஆண்டறிக்கைகளிலும் வலியைக் காரணமாகச் சொல்பவர்களைவிட, தன் விருப்பப்படி வாழ முடியவில்லை என்று சொல்பவர்களே அதிகம். மும்பையில் 1973-இல் தாக்கப்பட்டு நினைவிழந்த அருணா ஷான்பாக்கின் உயிரை முடித்துவைக்கக் கோரிய மனுவை எதிர்த்தவர்கள், அத்தனை ஆண்டுகள் அவருக்கு ஊட்டிவிட்டு உடல் துடைத்த செவிலியர்கள்தாம்.

பதில் 2 (கடலூர், வழக்கறிஞர்):
இரண்டு விஷயங்களைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். பிழைக்க வழியில்லாத நிலையில் செயற்கையாக உயிரை நீட்டிக்கும் சிகிச்சையை நிறுத்துவதை உச்ச நீதிமன்றம் 2011-இல் அருணா வழக்கிலேயே நிபந்தனைகளுடன் ஏற்றது. 2018-இல் அத்தகைய சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே உயில்போல எழுதிவைக்கும் உரிமையைத் தந்தது. 2023-இல் மாஜிஸ்திரேட்டின் கையொப்பத்துக்குப் பதிலாக நோட்டரி சான்றே போதும் என்று நடைமுறையை எளிதாக்கியது. சாவதற்கு மருந்து கொடுத்து உதவுவது வேறு. அது தற்கொலைக்குத் துணைபோவதாகக் கருதப்பட்டு, பத்து ஆண்டுகள்வரை சிறைத்தண்டனை கிடைக்கலாம். எதிர்ப்பாளர்கள் கனடாவைச் சுட்டுவார்கள். 2016-இல் மரணம் கண்ணுக்கெட்டும் தொலைவில் உள்ளவர்களுக்கு என்று தொடங்கிய சட்டம், 2021-இல் அந்த நிபந்தனையையே நீக்கியது. அதை அங்கே உரக்க எதிர்த்தவர்களில் மாற்றுத்திறனாளி அமைப்புகள் முக்கியமானவை. வாழ்வதற்கான உதவிக்கு வரிசையில் நிற்கவைக்கும் அரசு, சாவதற்கான உதவியை மட்டும் விரைந்து தருமோ என்பது அவர்களுடைய அச்சம். எனக்கு அது நியாயமாகவே படுகிறது.

பதில் 3 (நெல்லித்தோப்பு):
நம் தென்மாவட்டங்களில் படுக்கையில் விழுந்த முதியவர்களை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி உயிரைப் போக்கும் தலைக்கூத்தல் எந்தச் சட்டத்தைக் கேட்டு நடந்தது? கண்காணிப்புடன் ஒரு சட்டம் இருந்தால் அதுவாவது வெளிச்சத்துக்கு வரும் என்பது என் கருத்து. ஆனால் அங்கே பெரியவரின் சம்மதத்தை உறவினர்களே சொல்லிவிடுவதைப் பார்த்தால், வழக்கறிஞர் சொல்வதையும் தள்ள முடியவில்லை.

கேட்டவர்:
மார்ஃபின் என்ற பெயரையே எங்கள் வீட்டில் யாரும் கேள்விப்படவில்லை, அம்மா. யோசித்துப் பார்த்தால், பெரியப்பா அப்படிச் சொன்னதெல்லாம் அண்ணன் மருந்துக்கடைச் சீட்டுகளைக் கட்டிலருகே உட்கார்ந்து கூட்டிக்கொண்டிருந்த வேளைகளில்தான்.