பேவர் கல் பதிச்ச அனுபவம்: இன்னும் உறுத்துற ஒரு விஷயம் சொல்லுங்க

புழக்கடை

நானே ஆரம்பிக்கிறேன். மூணு வாரம் டிசைன் மட்டும்தான் பார்த்தேன். மீன்முள் வரிசையா, கூடைப்பின்னலா, சாதாரண செங்கல் வரிசையா, ஓரத்துல அடர்நிறப் பட்டை வைக்கலாமா வேண்டாமான்னு கட்டம் போட்ட நோட்டுல கலர் பென்சில்ல தீட்டித் தீட்டிப் பார்த்தேன். கடைசியில 45 டிகிரியில மீன்முள், சுத்தி அடர்நிறப் பட்டை. தண்ணி வடியறதுக்கான வாட்டத்தைப் பத்திப் பத்து நிமிஷம்கூட யோசிக்கலை.

வேலை முடிஞ்ச அன்னிக்குச் சாயங்காலம் பையன் ரப்பர் பந்தை நடுவுல வெச்சான். அது தானா மெதுவா நகர ஆரம்பிச்சு, உருண்டு வந்து, கதவு நிலைப்படியில முட்டி நின்னுது. எல்லாரும் கைதட்டினோம். நானும் தட்டினேன். அதுதான் உறுத்துது.

அடுத்த மழையில தண்ணியும் அதே வழியிலதான் வந்துது. ராத்திரி ரெண்டு மணிக்குப் பழைய போர்வையைச் சுருட்டிக் கதவடியில அணை கட்டினது நான்தான். அப்ப யாரும் கைதட்டலை.

ஓய்வுநாள் கொத்தன்

எனக்கு வளைவு. நேர்கோடா போட்டா பெட்டி மாதிரி இருக்கும்னு, தோட்டத்து ஹோஸைத் தரையில நெளிச்சுப் போட்டு முந்திரி வடிவத்துல கோடு வரைஞ்சேன். மேல நின்னு பார்த்தா அவ்வளவு அழகு. ஆனா கல்லு சதுரமாச்சே. ஓரம் முழுக்க வெட்டு, வெட்டு, வெட்டு. கட்டர் சத்தம் காதுல மூணு நாள் இருந்துது.

கடைசி இடுக்குக்கு நகம் அளவுல ஒரு முக்கோணத் துண்டு வெட்டி வெச்சேன். அது ஆடுற பல்லு மாதிரி. வாரம் ஒரு தடவை வெளிய வந்து கிடக்கும், எடுத்து உள்ள வைப்பேன். ரெண்டு வருஷமா இதே பொழப்பு. கல்லுல மூணுல ஒரு பங்குக்குக் கீழ துண்டு விழுந்தா அதை வைக்கவே கூடாதாம். பக்கத்துக் கல்லையும் கொஞ்சம் வெட்டி, ரெண்டையும் நடுத்தர அளவா ஆக்கணுமாம். எல்லாம் முடிஞ்சப்புறம்தான் தெரிஞ்சுது.

மூலைமட்டம்

புழக்கடை சகோதரிக்கு, வாட்டம் விடாததுதான் காரணம் என்று நீங்களாகவே முடிவுகட்டியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அஸ்திவாரத்துக்குத் தோண்டி மூடிய மண் சுவரோரமாகத்தான் இருக்கும். அது சரியாக இறுகாமல் இருந்தால் சுவரை ஒட்டிய கற்கள்தான் முதலில் இறங்கும். வெளிப்பக்கம் மேடாகி, தண்ணீர் வீட்டை நோக்கித் திரும்பும். எங்கள் வீட்டிலும் இப்படித்தான் ஒரு பூந்தொட்டி சாய்ந்தது. என் அனுபவம் அவ்வளவுதான்.

இனி போடுபவர்களுக்காகச் சொல்கிறேன். அடிக்குக் கால் அங்குலம் இறக்கம் வேண்டும், அதாவது 12 அடி நீளத்துக்கு 3 அங்குலம். முதலில் நூல் கட்டுங்கள். மூலை நேராக இருக்கிறதா என்று 3, 4, 5 அளவு வைத்துப் பாருங்கள்: ஒரு பக்கம் 3 அடி, மறுபக்கம் 4 அடி, குறுக்கே சரியாக 5 அடி. அடியில் 4 முதல் 6 அங்குலம் உடைத்த ஜல்லி. அதை ஒரே தடவையாகக் கொட்டாமல் இரண்டு மூன்று அங்குலமாகக் கொட்டி, ஒவ்வொரு அடுக்கையும் கம்பாக்டர் (அதிர்ந்து இறுக்கும் இயந்திரம்) ஓட்டி இறுக்க வேண்டும். வாட்டத்தை ஜல்லியிலேயே கொண்டுவர வேண்டும். பலர் ஜல்லியில் விட்ட பள்ளத்தை மணலைக் கொட்டிச் சரிக்கட்டுகிறார்கள், அந்த இடம்தான் பிறகு குழியும். மணல் 1 அங்குலம் போதும். ஒரு அங்குலக் குழாய் இரண்டைப் படுக்க வைத்து, அதன்மேல் பலகையை இழுத்தால் ஒரே மட்டமாக வரும். இழுத்த பிறகு அதில் மிதிக்கக் கூடாது. ஓரத்தில் பிடிப்பு இல்லாவிட்டால் கற்கள் வெளிப்பக்கமாக நகர்ந்துகொண்டே போகும். அந்தப் பிடிப்பும் ஜல்லியின்மேல் உட்கார வேண்டும், மணலின்மேல் அல்ல.

இன்னொன்று. மீன்முள் என்பது கார் ஏறி இறங்கும் இடத்துக்கான வரிசை. சக்கரம் தள்ளும்போது கற்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். நாற்காலி போட்டு உட்கார எந்த வரிசையும் போதும். மூன்று வாரம் வீண்.

புழக்கடை

பந்து உருண்டது வேலை முடிஞ்ச அன்னிக்கே. ஒரே நாள்ல எந்த மண்ணு இறங்கும்? மூணு வாரம் வீணா இல்லையான்னு நான் கேட்கலை.

மாடி ஜன்னல்

கல் வந்து இறங்குச்சு, ரெண்டு கட்டு. முதல் கட்டை முழுசாப் பிரிச்சுப் போட்டு முடிச்சிட்டு ரெண்டாவதைப் பிரிச்சோம். கையில எடுத்துப் பார்த்தா ரெண்டும் ஒரே நிறம்தான், சத்தியமா. மறுநாள் காலையில மாடியில பல் தேய்ச்சுக்கிட்டே கீழ பார்த்தேன். நடுவுல கோடு கிழிச்ச மாதிரி இந்தப் பக்கம் ஒரு சாம்பல், அந்தப் பக்கம் ஒரு சாம்பல். எல்லாக் கட்டையும் பிரிச்சு வெச்சு, மாத்தி மாத்தி எடுத்துப் போட்டிருக்கணும். இப்பல்லாம் அந்த ஜன்னல் திரையை நான் திறக்கிறதே இல்லை.

நாலாவது நாற்காலி

8 அடிக்கு 8 அடி. காலியா இருந்தப்ப மைதானம் மாதிரி தெரிஞ்சுது. 5 அடி நீள மேஜையைப் போட்டு ஆறு நாற்காலி வெச்சோம். முதல் நாளே மாமா பேசிக்கிட்டே பின்னால நகர்ந்தார், பின்னங்கால் ரெண்டும் கல்லை விட்டு இறங்கிப் பூப்பாத்தியில புதைஞ்சுது. வேகமா விழலை. மெதுவா, கப்பல் முழுகுற மாதிரி சாய்ஞ்சார். பிடிக்க எதுவும் கிடைக்காம மேஜை விரிப்பைப் பிடிச்சார். விரிப்பு மேல இருந்த எல்லாமும் அவர் கூடவே போச்சு.

நாற்காலியை இழுத்து எழுந்திரிக்க மேஜை ஓரத்துல இருந்து 3 அடி வேணும். ஆறு பேருக்கு 12க்கு 12 போட்டிருந்தா அவர் இன்னும் எங்க வீட்டுக்கு வந்துக்கிட்டிருப்பார்.

வெறுங்கால்

கறுப்புக் கல். உச்சி வெயில். செருப்பு உள்ளே. சொல்ல வேற ஒன்னும் இல்லை.

களைக்கொத்தி

புல் முளைக்கக் கூடாதுன்னு ஒரு புத்திசாலித்தனம் பண்ணேன். மணலுக்கு அடியில பிளாஸ்டிக் ஷீட் விரிச்சேன். மழை பெஞ்ச மறுநாள் ஒரு கல்லுல கால் வெச்சதும், பக்கத்து இடுக்குல இருந்து சேத்துத்தண்ணி பீச்சி முட்டி வரைக்கும் அடிச்சுது. தண்ணி இறங்க வழியில்லாம மணல் கூழாக் கிடந்திருக்கு. புல்லு? அது பாட்டுக்கு வந்துது. விதை காத்துல பறந்து மேல இருந்து இடுக்குல விழுந்து முளைக்குது, அடியில ஷீட் போட்டு என்ன பிரயோஜனம்.

மூலைமட்டம்

பிளாஸ்டிக் தவறு. களிமண் தரையாக இருந்தால் ஜல்லிக்கு அடியில் நீர் கசியும் துணி விரிக்கலாம். அதுவும் களைக்காக அல்ல, ஜல்லி மண்ணுக்குள் புதையாமல் இருக்க. இடுக்கில் பாலிமர் மணல், அதாவது தண்ணீர் பட்டதும் இறுகிக்கொள்ளும் மணல், நிரப்பினால் புல் குறையும். அதற்குக் கல் முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும், மேலே படிந்த தூசியைச் சுத்தமாகத் தள்ளிவிட்ட பிறகுதான் தண்ணீர் தெளிக்க வேண்டும், இல்லையென்றால் வெள்ளைப் படலம் ஒட்டிக்கொண்டுவிடும். முதலில் பெரிய துடைப்பம், பிறகு மென்மையான துடைப்பம், பிறகு

ஓய்வுநாள் கொத்தன்

அண்ணே, பூந்தொட்டி என்னாச்சு? அதைச் சொல்லுங்க முதல்ல.

வெள்ளைப்பொடி

படலம்னதும் ஞாபகம் வந்துது. எனக்கு வந்தது பாலிமர் மணலால இல்லை, கல்லுக்குள்ள இருந்தே வந்த உப்பு. சிமெண்ட்ல இருக்கிற சுண்ணாம்பு ஈரத்தோட மேல வந்து, காத்து பட்டு வெள்ளையாப் படியுமாம். பெரும்பாலும் நாளாவட்டத்துல தானே போயிடுமாம். யாரும் சொல்லலை. நான் கழிவறை கழுவுற ஆசிட்டை எடுத்து ஊத்தினேன். சுர்ர்னு நுரைச்சுது. அந்தச் சத்தம் கேட்டு 'ஆஹா, வேலை செய்யுது'ன்னு இன்னும் ஒரு பாட்டில் ஊத்தினேன். வெள்ளை போச்சு. கூடவே கல்லோட மேல்தோலும் நிறமும் போச்சு. ஊத்தின இடம் மட்டும் வட்டம் வட்டமா, தேமல் மாதிரி.

மூலைமட்டம்

பூந்தொட்டி உடைந்தது. என் மனைவி வைத்த செடி. சுவரோரம் சரியாக இறுக்கினாயா என்று வேலை நடக்கும்போதே கேட்டாள். இறுக்கிவிட்டேன் என்று சொன்னேன்.

புழக்கடை

சரி அண்ணா, பந்து விஷயத்தை விட்டுடலாம்.

போன மாசம் மொத்தத்தையும் பெயர்த்துட்டோம். பேவர்ல ஒரு நல்லது, உடைக்க வேண்டியதில்லை, அதே கல்லைத் திரும்பப் போடலாம். வெட்டின துண்டெல்லாம் மாறிடக் கூடாதேன்னு ஒவ்வொன்னு மேலயும் சாக்பீஸ்ல நம்பர் போட்டு அடுக்கி வெச்சேன். அன்னிக்கு ராத்திரியே மழை. காலையில ஒரு நம்பர்கூட இல்லை. நாலு நாள் குத்துமதிப்பாப் பொருத்தினேன்.

ஜல்லியிலயே வாட்டம் எடுத்தாச்சு, பந்து இப்ப வேலிப் பக்கம் ஓடுது. இடுக்குல மணல் தள்ளி, கம்பாக்டர் ஓட்டி, எல்லாம் இறுகின பிறகுதான் பார்த்தேன்: நட்டநடுவுல, சாம்பல் கல்லுக்கு மத்தியில, ஓரப்பட்டைக்குப் போக வேண்டிய அடர்நிறக் கல் ஒன்னு உட்கார்ந்திருக்கு. ரெண்டு ஸ்க்ரூடிரைவர் விட்டு நெம்பிப் பார்த்தேன், அசையலை. வீட்டுல யாரும் இன்னும் கவனிக்கலை. நான் அது மேல ஒரு நாற்காலியைப் போட்டு வெச்சிருக்கேன்.