மறுமொழி: மேற்கோள் திரட்டியா, மூலக்குறிப்பியா?

குழுவினருக்கு வணக்கம். நூல், கட்டுரைகளின் விவரங்களைக் குறித்துச் சேமிக்கும் ஸோட்டெரோ (Zotero) போன்ற கருவிக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற பேச்சில் ஒருவர் இப்படி எழுதியிருந்தார்:

> 'மேற்கோள் திரட்டி' என்றே வைத்துவிடலாம். மாணவர்களுக்கு உடனே புரியும்.

உடனே புரியும், ஆனால் வேறொன்றாகப் புரியும். ஸோட்டெரோவையே எடுத்துக்கொள்ளுங்கள். 2006இல் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தார் பயர்பாக்ஸ் உலாவியின் நீட்சியாக (extension) வெளியிட்டது, இன்று கணினியில் தனிச் செயலியாக ஓடுகிறது. உலாவியில் அதன் பொத்தான் மட்டும் இருக்கிறது. ஓர் ஆய்வுக் கட்டுரையின் பக்கத்தில் அதை அழுத்தினால் ஆசிரியர், தலைப்பு, இதழ், ஆண்டு, பக்க எண் எல்லாம் தனித்தனியாகப் பிரிந்து நம் சேமிப்பில் சேர்கின்றன. கட்டுரையிலிருந்து ஒரு வரியைக்கூட அது மேற்கோளாக எடுத்துத் தருவதில்லை. தில்லியில் தமிழ் ஆய்வு செய்யும் மாணவர்களிடம் 'மேற்கோள் திரட்டி' என்று சொல்லிப் பாருங்கள். புறநானூற்று வரிகளைத் தேடித் தொகுக்கும் கருவி என்றுதான் நினைப்பார்கள்.

'திரட்டி'யும் ஒட்டவில்லை. வலைப்பதிவுகளைத் திரட்டிய தமிழ்மணம் தளத்தின் நாள்களிலிருந்தே அது பல தளங்களிலிருந்து தானாக இழுத்து ஓரிடத்தில் காட்டுவதற்கு வழங்கிவரும் பெயர். இந்தக் கருவியோ நாம் அழுத்தாமல் அசையாது.

ஆகவே என் பரிந்துரை: மூலக்குறிப்பி. மூலத்தைப் பற்றிய குறிப்பை எடுப்பது, அவ்வளவே. 'மூலம்' என்றதும் நோய் நினைவுக்கு வருமே என்று யாராவது எழுதுவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்: மூலநூல், மூலப்பத்திரம் என்கிறபோது யாரும் சிரிப்பதில்லை. 'சான்றுக்குறிப்பி'யையும் யோசித்தேன். சாதிச் சான்று, வருமானச் சான்று என்று அலைந்த பிள்ளைகளுக்கு அது வேண்டாம்.

'குறிப்பி'யில் இன்னொரு வசதி இருக்கிறது. இந்தக் கருவி பக்கத்துக்குள் பொதிந்திருக்கும் மீத்தரவை, அதாவது ஆசிரியர், தலைப்பு போன்ற விவரங்களைப், படித்துக் குறித்துக்கொள்கிறது, சரிபார்ப்பதில்லை. பொத்தானின் படமே முன்கூட்டிக் காட்டிவிடும்: நூல் என்றால் புத்தகம், கட்டுரை என்றால் தாள். மீத்தரவு இல்லாத தளங்களில் வெறும் இணையப் பக்கமாகத்தான் பதிவாகும். தலைப்பும் முகவரியும் பார்த்த தேதியும் மிஞ்சும். தமிழ்த் தளங்கள் பலவற்றில் இதுதான் நிலை. ஆசிரியர் பெயரையும் பதிப்பாண்டையும் மாணவர்தான் கையால் நிரப்ப வேண்டும். சொல்லிக்கொடுக்காவிட்டால் துணைநூற்பட்டியலில் ஆசிரியரே இல்லாத நூல்கள் அணிவகுக்கும்.

சிலர் இதைச் 'செருகுநிரல்' (plugin) என்றும் எழுதியிருந்தார்கள். வேண்டாம். செருகுநிரல் என்பது ஃபிளாஷ் போல உலாவியில் வந்து செருகிக்கொண்ட தனி நிரல். 2020 முடிவில் ஃபிளாஷையும் அடோபி கைவிட்டது. இப்போது நாம் நிறுவுபவை நீட்சிகளே.

அன்பேவால் (Unpaywall) என்ற இன்னொரு கருவியை இதே பெயரில் சேர்க்க முடியாது. 2017இல் வந்த அந்த நீட்சி குறிப்பு எடுப்பதில்லை. கட்டணச் சுவருக்குப் பின்னால், பணம் கட்டினால்தான் படிக்க முடியும் என்று இருக்கும் கட்டுரைக்கு, சட்டப்படி இலவசமாகக் கிடைக்கும் படி வேறெங்காவது உண்டா என்று தேடுகிறது. கிடைத்தால் ஓரத்தில் பச்சைப் பூட்டு திறக்கும். விடுதி அறையிலிருந்து படிப்பவர்களுக்கு ஸோட்டெரோவைவிட இதுதான் முதலில் தேவை என்பேன். 'படிதேடி' என்று ஒருவர் தனிமடலில் எழுதினார். எனக்குப் பிடித்தது. ஆனால் மத்திய அரசு ஊழியர்கள் நிறைந்த இந்தத் தில்லியில் அகவிலைப்படி தேடுவதாக எடுத்துக்கொள்வார்கள். வேறு சொல் இருந்தால் எழுதுங்கள்.