சணப்பு மடக்கிய பாத்தியில் கீரை முளைக்கவில்லை, வெண்டை மஞ்சளாகிறது

ஹொரமாவு மல்லிகை:
பெங்களூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் 10-க்கு 20 அடி இடம் இருக்கிறது. மேலே செம்மண், கொத்தினால் செங்கல் துண்டும் சிமெண்ட் கட்டியும். மழை பெய்தால் சேறு, வெயில் அடித்தால் ஓடு. ஊரில் அப்பா நெல்லுக்கு முன்னால் பசுந்தாள் உரமாகத் தக்கைப்பூண்டு விதைத்து, பச்சையாகவே மண்ணுக்குள் மடக்கி உழுவார். அந்த நினைப்பில் ஜூன் தொடக்கத்தில் சணப்பு விதைத்தேன். ஆளுயரம் வந்தது. மஞ்சள் பூவைப் பார்த்ததும் வெட்ட மனம் வரவில்லை. 75 நாள் கழித்து, காய் பிடித்த பிறகுதான் வெட்டி மண்ணுக்குள் புதைத்தேன். ஐந்தாம் நாளே சிறுகீரையும் வெண்டையும் போட்டேன். கீரை முளைக்கவே இல்லை. வெண்டை நாலு இலையோடு மஞ்சளாக நிற்கிறது. "இருந்த மண்ணையும் கெடுத்தாச்சு" என்கிறார் வீட்டுக்காரர். அப்படித்தானா?

அல்சூர் மொட்டைமாடி:
ஒரு கை யூரியா தூவிப் பாருங்கள், பச்சை பிடித்துவிடும்.

தர்மபுரிக்காரன், கே.ஆர்.புரம்:
யூரியா இருக்கட்டும், முதலில் சிலது சொல்லுங்கம்மா. மஞ்சள் அடி இலையிலா, கொழுந்திலா? சணப்பைப் பிடுங்கியபோது வேரில் முடிச்சு இருந்ததா? சமையல் வினிகரைக் காய்ந்த மண்ணில் நாலு சொட்டு விட்டால் நுரைக்கிறதா?

ஹொரமாவு மல்லிகை:
அடி இலைதான் ஐயா. வேரில் முடிச்சு நிறைய இருந்தது, கிள்ளினால் உள்ளே ரோஸ் நிறம். வினிகர் சுவரோரம் மட்டும் நுரைத்தது.

தர்மபுரிக்காரன், கே.ஆர்.புரம்:
அப்படியானால் மண் கெடவில்லை. உள்ளே ரோஸாக இருந்தால் அந்த முடிச்சு காற்றில் உள்ள தழைச்சத்தை (நைட்ரஜனை)ப் பிடித்து வேலை செய்திருக்கிறது. சத்து உள்ளே இருக்கிறது, இப்போதைக்குச் செடிக்குக் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

சணப்பை 45 நாளில், பூ எடுக்கும்போதே மடக்க வேண்டும். அப்போது தண்டு விரலால் ஒடிக்கிற பதத்தில் இருக்கும், சீக்கிரம் மட்கும். காய் பிடித்துவிட்டால் நார் ஏறிவிடும். கயிறு திரிக்கிற செடி அல்லவா அது. நார்த் தண்டைத் தின்கிற நுண்ணுயிர்களுக்கும் தழைச்சத்து வேண்டும். அதை மண்ணிலிருந்து எடுத்துக்கொள்ளும், வெண்டை பட்டினி கிடக்கும். அதனால்தான் அடி இலை முதலில் வெளுக்கிறது. செடி பழைய இலையில் இருப்பதை உறிஞ்சித்தான் கொழுந்துக்குக் கொடுக்கும்.

கீரை கதை வேறு. பச்சைத் தழை அழுகும் முதல் வாரங்களில் மண்ணில் பூஞ்சை அதிகம். கீரை மாதிரி பொடி விதை அதைத் தாங்காது. மடக்கிய பிறகு இரண்டு மூன்று வாரம் ஈரம் காயாமல் விட்டிருக்க வேண்டும்.

இப்போதைக்குக் கிளறாதீர்கள். மேலே தெரியும் தண்டுகளை வெளியே எடுத்து மூடாக்காகப் பரப்புங்கள். ஒரு கைப்பிடி கடலைப் புண்ணாக்கை ஒரு வாளித் தண்ணீரில் இரண்டு நாள் ஊறவைத்து, வெண்டைத் தூரில் வாரம் ஒரு முறை ஊற்றுங்கள் (நாற்றம் அடிக்கும், பக்கத்து வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்). சுவரோரம் நுரைத்தது சிமெண்டின் சுண்ணாம்பு. அங்கே கட்டிகளைப் பொறுக்கிவிட்டுத் தொழு உரம் போடுங்கள்.

விவேக்நகர் அக்கா:
அடுத்த முறை சணப்பே வேண்டாம், கொள்ளு போடுங்கள். மளிகைக் கடையில் கன்னடத்தில் 'ஹுருளி' என்று கேட்டால் கொடுப்பார்கள். உடைக்காத கொள்ளு அப்படியே முளைக்கும். தரையோடு படரும், மழை மண்ணில் நேராக அடிக்காது, வெட்டவும் கத்தரிக்கோல் போதும். செப்டம்பரில் விதைக்க ஏற்றது. உங்கள் இடத்துக்கு 200 கிராம் தாராளம்.

தர்மபுரிக்காரன், கே.ஆர்.புரம்:
அக்கா சொல்வது சரி. ஆனால் ஓடு மாதிரி இறுகிய மண்ணுக்குள் சணப்பு வேர்தான் ஆழமாக இறங்கும். ஒரு பருவம் அது, மறு பருவம் இது என்று மாற்றிப் போடுங்கள்.

ஹொரமாவு மல்லிகை:
மூன்று வாரம் ஆயிற்று. அடி இலைகள் உதிர்ந்தன, மேலே வந்த ஆறு இலையும் நல்ல பச்சை. நேற்று மறுபடி கீரை தூவினேன். மண்ணைக் கிளறியபோது மண்புழு நெளிந்தது, இந்த வீட்டில் முதல் முறையாகப் பார்க்கிறேன். வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன், "ம்" என்றார். சுவரோரம் கொள்ளு போட்டாயிற்று. அதை எத்தனை நாளில் வெட்டுவது, அக்கா?

விவேக்நகர் அக்கா:
பூ தெரிந்ததும். இந்த முறை அழகு பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள்!