இயர்போன் இடப்பக்கம் சத்தம் குறைவு, முனையில் ஒட்டும் வலை எங்கே கிடைக்கும்?

1,500 ரூபாய் வயர் இயர்போன், 10 மி.மீ. டைனமிக் டிரைவர் (உள்ளே ஒலி எழுப்பும் பகுதி), கழற்றி மாட்டும் 2 பின் 0.78 மி.மீ. கேபிள். வாங்கி எட்டு மாதம். இடம் ராயபுரம், கடல் காற்று, வியர்வை இரண்டும் உண்டு. மூன்று வாரமாக இடப்பக்கம் சத்தம் பாதிதான்.

கேபிளை இடம் வலம் மாற்றிப் போட்டேன், அதே பீஸில்தான் குறைகிறது. ஆக கேபிளில் குறையில்லை. பெரிய டிப் போட்டேன், காதில் இறுக்கமாக உட்கார்ந்தும் பயனில்லை. சிலிக்கா ஜெல் பையோடு டப்பாவில் இரண்டு நாள் வைத்தால் தேறுகிறது, மறுநாள் சாயங்காலம் பழையபடி.

டார்ச் அடித்துப் பார்த்தால் முனை வலையில் மஞ்சள் படலம். ஊசியால் குத்தினால் அழுக்கு டிரைவருக்குள் போய்விடும் என்பதால் வலையையே மெல்ல உரித்தேன். சத்தம் சமமாகிவிட்டது, ஆனால் 'ச', 'ஷ' ஒலிகள் காதைக் குத்துகின்றன. வலை கட்டாயம் வேண்டும்.

பின்பக்கம் பசையுள்ள 4.5 மி.மீ. வட்ட வலை பர்மா பஜார், வண்ணாரப்பேட்டை பக்கம் எந்தக் கடையில் கிடைக்கும்?