மூளைக் கட்டி ஆபரேஷனுக்கு அப்புறம் அப்பா ஆளே மாறிட்டாரு, சரியாகுமா?

மலர்விழி:
அப்பாவுக்கு 61 வயசு. முன்மூளைகிட்ட மெனிஞ்சியோமா, கேன்சர் இல்லாத கட்டிதான், போன மாசம் எடுத்தாச்சு. அதுக்கு முன்னாடி ரொம்ப நாளா பேச்சே குறைஞ்சு போய் குளிக்கக்கூட நாம சொல்லணும்கிற மாதிரி இருந்தாரு, ரிட்டயர் ஆன கவலைனு டிப்ரஷன் மாத்திரைதான் குடுத்தாங்க. இப்ப அப்படியே நேரெதிர். ராத்திரி தூங்காம பீரோவ கலைச்சு அடுக்குறாரு, அம்மாவ திட்டுறாரு பாருங்க, அவர் வாயில நான் கேட்டதே இல்லாத வார்த்தையெல்லாம். டெக்ஸாமெத்தசோன், லெவிடிராசிட்டம் ரெண்டும் ஓடுது. ஆபரேஷன்ல ஏதாவது ஆயிடுச்சான்னு அம்மா ஒரே அழுகை.

கோவைக்காரி:
முதல்ல அந்த ரெண்டு மாத்திரையப் பத்தி டாக்டர்கிட்ட கேளுங்க. டெக்ஸா ஸ்டீராய்டு, மூளை வீக்கத்துக்கு குடுப்பாங்க, தூக்கத்த கெடுக்கும், சுகர் ஏத்தும், சிலர் கால் தரையில நிக்காம அலைவாங்க. சாயங்கால டோஸ முன்னாடியே தர முடியுமான்னு கேளுங்க. லெவிடிராசிட்டம் ஃபிட்ஸுக்கு, ஆனா சிலருக்கு கோபம் பொத்துக்கிட்டு வரும். எங்க வீட்டுக்காரருக்கு வேற மருந்து மாத்தினதும் பழைய ஆளா ஆயிட்டாரு. நீங்களா நிறுத்திடாதீங்க, ஃபிட்ஸ் வந்துரும், ஸ்டீராய்டையும் படிப்படியாத்தான் குறைக்கணும்.

நர்ஸக்கா:
எல்லாத்தையும் மாத்திரை தலையில கட்ட முடியாதும்மா. நான் நியூரோ வார்டுல இருக்கேன். முன்மூளை பாதிச்சா ஒண்ணு எதையும் செய்யணும்னே தோணாது, இல்லைன்னா வாயில வர்றத அடக்க முடியாது, சிலருக்கு ரெண்டுமே. மெனிஞ்சியோமா மெதுவா வளர்றதால டிப்ரஷன்னு நினைக்கிறது சகஜம். தான் மாறினது அவங்களுக்கே தெரியாது, அதனால வாதாடாதீங்க. வீக்கம் வடிஞ்சு தேற மாசக்கணக்குல ஆகும், சிலருக்கு கொஞ்சம் மிச்சம் நிக்கவும் செய்யும். பைக் சாவி, ஏடிஎம் கார்டு உங்ககிட்ட இருக்கட்டும். காய்ச்சல், வாந்தி, தலைவலி அதிகமானா, எழுப்பினா எழும்பாத மயக்கம்னா உடனே எமர்ஜென்சிக்கு ஓடுங்க.

சேலம் தம்பி:
அக்கா அம்மாவையும் பாத்துக்கங்க. 14416 டெலிமானஸ்ல, அதான் அரசாங்க மனநல ஹெல்ப்லைன், தமிழ்லயே பேசுவாங்க, காசு கிடையாது.

மலர்விழி:
ரொம்ப நன்றி. லெவிடிராசிட்டம் ஆஸ்பத்திரிலதான் ஆரம்பிச்சாங்க, திட்டுறதும் அதுக்கப்புறம்தான். வியாழக்கிழமை ரிவ்யூ. அப்பா பக்கத்துல இருக்கும்போதே இதெல்லாம் சொல்லலாமா?

நர்ஸக்கா:
வேணாம்மா, அங்கயே சண்டை வரும். எழுதி உள்ள போறதுக்கு முன்ன குடுத்துருங்க. மாத்திரை எத்தனை மணிக்கு, கத்துனது எத்தனை மணிக்கு, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல எழுதுங்க. டிப்ரஷன் மாத்திரை இன்னும் ஓடுதான்னும் சொல்லுங்க.