டிரோன் வந்த பிறகும் மெஷின் கன் எதற்கு?

பாம்பன் பையன்: தங்கச்சிமடம் டீக்கடையில் நேற்று பாதியில் நின்ற சண்டை இது. மெஷின் கன் காலம் முடிந்துவிட்டது என்றேன், ஆளாளுக்கு ஏறி வந்தார்கள். உக்ரைனைப் பாருங்கள். சுடத் தொடங்கினால் சற்று நேரத்தில் தலைக்கு மேல் டிரோன். ஒரே இடத்தில் உட்கார்ந்து சுடுகிறவன் தன் இடத்தைத் தானே காட்டிக்கொடுக்கிறான்.

உச்சிப்புளி ஹவில்தார் (ஓய்வு): தம்பி, மெஷின் கன் கொல்லத்தான் என்று நினைக்கிறாய், அங்கேதான் கோளாறு. கருவாடு காயும் இடத்தில் தகர டப்பா தட்டுகிற ஆத்தா எத்தனை காக்காயைக் கொன்றார்? ஆனாலும் ஒன்றும் இறங்காது. எங்கள் வேலையும் அதுதான். நாலைந்து குண்டாக விட்டுவிட்டு அடித்தால் எதிரி தலை தூக்க மாட்டான், அதற்குள் நம் ஆட்கள் பக்கவாட்டில் ஏறிவிடுவார்கள். குண்டு கோத்த பெல்ட்டை ஒரே மூச்சில் காலி செய்வது சினிமாக்காரன் வேலை, பேரல் பழுத்துவிடும். வெறுங்கையால் தொட்ட தழும்பு என் உள்ளங்கையில் இன்னும் இருக்கிறது.

மண்டபம் வாத்தியார்: கொல்லவும் செய்யும். 1916 ஜூலை 1, முதல் உலகப்போரில் பிரான்சின் சோம் போர்க்களம். ஒரே நாளில் பிரிட்டிஷ் தரப்பில் 19,000 பேருக்கு மேல் சாவு.

பாம்பன் பையன்: சார், அந்த உலகப்போர் முழுக்க எடுத்தால் அதிகம் பேரைச் சாய்த்தது பீரங்கிதான்.

உச்சிப்புளி ஹவில்தார் (ஓய்வு): சரி, டிரோனுக்கே வருவோம். ரஷ்யா ஏவுகிற ஷாகெத் டிரோன்களை உக்ரைன்காரன் பிக்கப் வண்டியில் மெஷின் கன் மாட்டியும் சுட்டு வீழ்த்துகிறான். தண்ணீர் ஊற்றிக் குளிர்விக்கிற பழைய மாக்சிம் மெஷின் கன்கூட அதற்கு வந்திருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஏவுகணை விட்டால் கட்டுப்படியாகுமா?

பாம்பன் பையன்: ஷாகெத் பெரிசு, மெதுவாக வரும். ஆளைத் துரத்தும் சின்ன டிரோனுக்குச் சிதறிப் பாயும் ஷாட்கன்னைத்தானே தேடுகிறார்கள்?

விசைப்படகு_ராம்நாடு: தரையை விடுங்கள். மேற்கிலிருந்து அடிக்கிற கச்சான் காற்றில் எங்கள் போட்டில் டீ கிளாஸே நிற்காது, குறி எங்கே நிற்கும்?

உச்சிப்புளி ஹவில்தார் (ஓய்வு): அதற்கும் வழி வந்துவிட்டது மாப்பிள்ளை. திருச்சி தொழிற்சாலையில் செய்த 12.7 மி.மீ. மெஷின் கன்னை 2021-ல் கடற்படைக்கும் கடலோரக் காவல்படைக்கும் கொடுத்தார்கள். கப்பல் ஆடினாலும் குறி ஆடாமல் பிடித்துக்கொள்ளும். ஆள் உள்ளே உட்கார்ந்து திரையைப் பார்த்துச் சுடலாம்.

பாம்பன் பையன்: அப்போ வெளியே நின்று சுடுகிறவன் வேண்டாம் என்று நீங்களே சொல்லிவிட்டீர்களே, மாமா!

உச்சிப்புளி ஹவில்தார் (ஓய்வு): வெளியே நிற்பவன்தான் வேண்டாம், துப்பாக்கி வேண்டாம் என்றேனா? பெல்ட் சிக்கினால் மூடியைத் திறக்க உன் டிரோனா வரும்? நாளைக்குக் கடைக்கு வா, பேசுவோம்.